ஏழாம் டோக்கனுக்கு அடுத்தது யார்

அந்த மருத்துவமனையில் மருத்துவர்கள் மூன்று பேர். ஆனால் நோயாளிகள் பயந்தது நான்காவது ஆளுக்கு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பிறை வடிவில் வெட்டிய ஒரு துளைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பதினேழு ஆண்டுகள் டோக்கன் கொடுத்தவர் அவர். துளையை வெட்டிய தச்சர் அளவைத் தவறாக எடுத்துவிட்டதால் அது இடுப்பு உயரத்தில் அமைந்துவிட்டது. அவரிடம் பேச வந்தவர்கள் எல்லோரும் குனிந்தே பேசினார்கள். டோக்கன்காரர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். பதினேழு ஆண்டுகளில் ஒருவர்கூட அவர் முன் நிமிர்ந்து நின்று பேசியதில்லை என்பது அவருடைய வாழ்க்கைச் சாதனைகளில் முதலாவது.

இரண்டாவது சாதனை அவருடைய குரல். டோக்கன் எண்ணைக் கம்ப்யூட்டரே கூப்பிடும் ஏற்பாடு வந்தபோது, அதை விற்ற நிறுவனம் ஒரு பெண்ணின் குரலைச் சேர்த்துக் கொடுத்திருந்தது. இனிமையான குரல். அதுதான் கோளாறு. எங்கோ ரேடியோவில் செய்தி ஓடுகிறது என்று நினைத்து ஒருவரும் எழுந்து வரவில்லை. முதியவர் ஒருவர் மட்டும், "மழை வருமான்னு எப்பம்மா சொல்லுவே?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். நிர்வாகி டோக்கன்காரரைச் சாமான் அறைக்கு அழைத்துப் போனார். வெளிச்சத்தம் விழாமலிருக்கத் தலையோடு கம்பளியைப் போர்த்தி, வழக்கமான அறிவிப்புகளையும் பிறகு ஒன்றிலிருந்து நூறு வரையும் சொல்லச் சொன்னார். அறுபத்திரண்டில் கம்பளி இழை தொண்டைக்குள் போய் இருமல் வந்துவிட்டது.

"அதை மட்டும் மறுபடி சொல்றேன் சார்."

"விடுங்க. நாம என்ன, ஒரு நாளைக்கு அறுபதைத் தாண்டவா போறோம்?" என்றார் நிர்வாகி.

தாண்டினார்கள். அன்றிலிருந்து தினமும் மதியத்துக்குச் சற்று முன்னால், "டோக்கன் எண் அறுபத்து, க்ஹும், இரண்டு. மூன்றாம் அறைக்கு வரவும்," என்று கூடம் அதிர்ந்தது. கால் சுளுக்குக்காக வந்தவர்கள்கூட அந்த எண் கிடைத்தால் தங்களுக்கு நெஞ்சில் ஏதோ இருப்பதை மிஷின் கண்டுபிடித்துவிட்டதாகக் கலங்கினார்கள்.

இப்பேர்ப்பட்ட குரலுக்குப் பிறந்த ஒரே மகள் பேசமாட்டேன் என்றாள்.

வீட்டில் அப்படி இல்லை. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். வயது ஐந்து. காலையில் கண் திறக்கும் முன்பே வாய் திறந்துவிடும். பல் தேய்க்கும்போதும் பேசியதால் குளியலறைக் கண்ணாடியில் எந்நேரமும் நுரைப்புள்ளிகள் இருந்தன. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டியதும் மின்சாரம் போய்விடும். உள்ளே போனவள் வெளியே வரும்வரை ஒரு சொல், ஒரு முனகல் கிடையாது.

"நாலு மாசமா உங்க பொண்ணு குரலை நான் கேட்டதே இல்லைங்க," என்றார் வகுப்பு மிஸ், டோக்கன்காரரை வரவழைத்து.

"வீட்டுல நிறுத்தவே முடியல மிஸ். நேத்துகூட ஒத்தைச் செருப்பைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினா."

"எல்லா அப்பா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க."

"இது நிஜம் மிஸ்."

"அதையும் சொல்றாங்க."

மிஸ் கெட்டவர் இல்லை. விதியைச் சொன்னார். ஆண்டு முடிவில், பெற்றோர் முன்னிலையில், ஒவ்வொரு குழந்தையும் எண்களை வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் முதல் வகுப்பு. சொல்லாவிட்டால் இதே வகுப்பு, இதே குட்டி நாற்காலி, சுவரில் இதே யானைப் படம், இன்னொரு வருடம். இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. டோக்கன்காரர் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டார். முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. யாரோ ஒருவருக்கு முன் தானே தாழ்வாக உட்கார்ந்து பேசுவது அவருக்குப் புது அனுபவம். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

அதே வாரத்தில் மருத்துவமனைக்குப் புது மிஷின் வந்தது. ஆளுயரம். முகத்தைத் தொட்டால் டோக்கன் கக்கும். ஆளே வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. தொடத் தெரியாதவர்களுக்காகத் தொட்டுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பது மூன்றாம் நாள் தெரியவந்தது. டோக்கன்காரருக்கு ‘வழிகாட்டி’ என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். இதுவரை உட்கார்ந்திருந்தவர் இப்போது நின்றார். அந்த அளவுக்கு உயர்வு உண்மைதான். கண்ணாடித் தடுப்பைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பழைய கம்ப்யூட்டர் நடைபாதையில், உடைந்த சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு காலத்தில் பால் வெள்ளையாக இருந்து இப்போது மஞ்சள் காமாலை கண்டதுபோல் நின்ற அந்தப் பெட்டியைப் பார்த்தபோது, டோக்கன்காரருக்கு இரண்டு துக்கங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு யோசனையாயின. அவருடைய யோசனைகள் எல்லாமே அப்படித்தான் பிறக்கும்.

முதலில் குடும்பத்தின் கம்ப்யூட்டர் நிபுணரைக் கலந்தாலோசித்தார். மனைவியின் தம்பி. போன் கவர் விற்கும் கடையில் வேலை. போன் கவர் போன்மேல் இருக்கிறது, போனுக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. இந்த நெருக்கத்தினால் வந்த நிபுணத்துவம் அது.

"இப்பல்லாம் குழந்தைங்க கம்ப்யூட்டர்லதான் மாமா படிக்குது. கரடி ஒண்ணு வந்து பேசும். அது ஒண்ணுன்னு சொன்னா இதுங்களும் ஒண்ணுன்னு சொல்லும். ஒரே வாரம். பேச்சுப் போட்டிக்கே அனுப்பலாம்."

"பழைய மிஷின்ல கரடி வருமா மச்சான்?"

"நான் வர வைக்கிறேன் மாமா."

டோக்கன்காரர் நிர்வாகிக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினார். நிர்வாகி, ‘பழுதடைந்தது, பயனற்றது, எடுத்துச் செல்லலாம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாளில் பொருளின் பெயரை எழுத மறந்துவிட்டதால், வாசலில் காவலாளி அதைப் படித்துவிட்டு டோக்கன்காரரை மேலும் கீழும் பார்த்தார். கம்ப்யூட்டரை உடைந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, விழாமலிருக்கப் படுக்கை விரிப்பால் கட்டி, தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். விரிப்பு போர்த்திய உருவத்தைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார்.

"யாருங்க? எப்ப ஆச்சு?"

"கம்ப்யூட்டர். பாப்பா படிக்கிறதுக்கு."

எதிர் வீட்டுக்காரர் கூப்பிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்.

வீட்டில் மேசை ஒன்றுதான். அது மனைவியின் தையல் மேசை. கடைகளில் வாங்கிய துணிகளைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

"என்னங்க, இதை எங்க வைக்கப் போறீங்க?"

"இங்கதான்."

"அப்ப என் மிஷினை?"

"சமையலறையில இடம் இருக்கே."

"இருக்கு. அடுப்பை எடுத்துட்டா நிறையவே இருக்கு."

அன்று மாலையே தையல் மிஷின் சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. தெருவில் யாருடைய சட்டையிலும் அடுத்த ஆறு வாரம் தாளித்த வாசனை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. தம்பி ஸ்க்ரூவைக் கழற்ற, டோக்கன்காரர் மனைவியின் தையல் மிஷின் பிரஷால் தூசு தட்டினார். உள்ளே இருந்து பஞ்சு மெத்தை போல் அழுக்கு, கரப்பான் ஒன்று, பாதி கரைந்த ஒரு மாத்திரை, எப்போதோ தொலைந்துபோன இருபத்தொன்பதாம் டோக்கன் ஆகியவை வந்தன. அந்த இருபத்தொன்பது ஏழு வருடங்களுக்கு முன் அவருடன் பெரிய சண்டை போட்டவர். "டோக்கன் வாங்கினேன், உங்க மிஷின்தான் முழுங்கிடுச்சு," என்று அவர் கத்தியதும், "மிஷின் பொய் சொல்லாது, மனுஷங்கதான் சொல்லுவாங்க," என்று தாம் துளை வழியே தீர்ப்புச் சொன்னதும் டோக்கன்காரருக்கு நினைவு வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தம்பியிடம் சொல்லவில்லை.

பெட்டியை மூடி சுவிட்சைப் போட்டார்கள். விமானம் கிளம்புவது போல் ஒரு சத்தம். பிறகு மணி அடித்தது. "அமைதி காக்கவும். டோக்கன் இல்லாதவர்கள் வாசலை மறைக்க வேண்டாம்," என்றது பெட்டி, டோக்கன்காரரின் குரலில். வாசலில் நின்றிருந்த மனைவி ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டு, நகர்ந்ததற்காகத் தன்மேல் கோபப்பட்டாள்.

"இதை முதல்ல தூக்கணும் மாமா," என்றான் தம்பி.

தூக்க முடியவில்லை. டோக்கன் செயலியை நீக்க ஒரு கடவுச்சொல் வேண்டும். அது தெரிந்த ஒரே மனிதர், விற்ற நிறுவனத்தோடு சேர்ந்து காணாமல் போயிருந்தார். அடியோடு அழித்துப் புதிதாகப் போடலாம் என்றால் சிடி செருகும் கதவு திறக்கவில்லை. மனைவியின் கத்தரிக்கோலால் நெம்பியதில் கத்தரிக்கோல்தான் திறந்துகொண்டது. கடைசியில் டோக்கன் செயலியை அதன் போக்கில் விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் கரடியை ஏற்றினார்கள். கரடி வந்தது. வாயைத் திறந்தது. திறந்த வாயோடு நின்றது. தம்பி டீ குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகு, "ஒன்..." என்று ஒரு முனகல் கேட்டது. இரண்டுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

"கரடிக்கு வயசாயிடுச்சு மாமா," என்று நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத் தம்பி கடைக்குப் போனான். அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை.

டோக்கன்காரர் கலங்கவில்லை. அலுவலகத்தில் பழகியவர், அட்டவணை போட்டார். மாலை ஆறரை முதல் ஏழு வரை எண்கள், ஏழு முதல் ஏழேகால் வரை படம் வரைதல், அதன்பின் ஐந்து நிமிடம் ‘பொது’. சுவரில் ஒட்டினார். கீழே கையெழுத்துப் போட இடம் விட்டார். இரண்டு வாரம் தினமும் ஆறரைக்கு மகள் வந்து உட்கார்ந்தாள். கரடியின் வாயைப் பார்த்தாள். ஏழு இருபதுக்கு எழுந்து போனாள். பொது நேரத்தில் மட்டும், "அப்பா, இந்தக் கரடிக்குப் பல் வலியா?" என்று கேட்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து அவருடைய குரலே அதிகாரமாகக் கூப்பிட்டது.

"டோக்கன் எண் பதினொன்று. இரண்டாம் அறைக்கு வரவும்."

எட்டிப் பார்த்தார். அவருடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, மேசை முன் தலையணைமேல் ஏறி உட்கார்ந்து, மகள் டோக்கன் செயலியை ஓட்டிக்கொண்டிருந்தாள். தையல் சாக்பீஸால் எண் எழுதிய துணித் துண்டுகள் வீடு முழுக்கக் கிடந்தன. ஸ்டூல் நான்கு. தண்ணீர்க் குடம் ஒன்பது. துணி பிடித்துத் தைக்க வந்த மூன்று பெண்கள் கையில் ஆளுக்கொரு துண்டுடன் சுவரோரம் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று எழுந்து, ரவிக்கையோடு, இரண்டாம் அறையாகிய சமையலறைக்குள் போனார்.

"என்ன இது?" என்றார் டோக்கன்காரர்.

"நான்தான் முதல்லன்னு சண்டை போடுவாங்க இல்ல, இன்னிக்கு யாரும் போடல," என்றது சமையலறை. "உங்க பொண்ணு பரவாயில்ல. உங்களை மாதிரி முறைக்காம கூப்பிடறா."

நியாயமாக அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. பதினேழு ஆண்டுகள் தாம் உட்கார்ந்ததுபோலவே தம் மகள், அதே நிமிர்வோடு உட்கார்ந்திருக்கிறாள். தாம் உட்கார்ந்த நாற்காலியின் கதி என்ன என்பது அவருக்குத்தான் தெரியும். இப்போது அது நடைபாதையில் இருக்கிறது. இவள் பெரியவளாகி, மிஷின் பக்கத்தில் நின்று, தொடத் தெரியாதவர்களுக்குத் தொட்டுக் கொடுப்பதை அவர் ஒரே நொடியில் முழு வாழ்க்கையாகப் பார்த்துவிட்டார்.

"இது விளையாடறது இல்ல. படிக்கிறது," என்று சொல்லி ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கினார்.

விளைவு உடனே தெரிந்தது. ரேடியோ நின்றது. அன்று சாப்பிடும்போது பேச்சில்லை. மறுநாள் காலை குளியலறைக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அதற்கும் மறுநாள் எதிர் வீட்டுக்காரர் வந்து, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

"முன்ன பள்ளிக்கூடத்துல மட்டும்தான் பேசாம இருந்தா," என்றாள் மனைவி, பட்டன் தைத்தபடி. "இப்ப ரெண்டு இடத்துலயும். நல்ல முன்னேற்றம்ங்க. அட்டவணையில கையெழுத்துப் போட்டுடவா?"

மூன்றாம் நாள் மாலை டோக்கன்காரர் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்க் கம்பியைச் செருகினார். வெளியே வரும்போது தலை மேசையில் இடித்தது. தலையைத் தடவிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். தலையணைமேல் இருந்த மகள் அவரைவிட உயரத்தில் இருந்தாள்.

"அப்பா," என்றாள். மூன்று நாளில் முதல் சொல். "இந்தச் சிவப்பு எதுக்கு?"

விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு பொத்தானில், நகத்தால் சுரண்டியும் போகாத சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. டோக்கன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய உத்தியோகத்தில் அவர் யாரிடமும் விளக்கிச் சொல்லாத ஒரே விஷயம் அதுதான், யாரும் கேட்டதில்லை.

"அது அவசரம்மா. வரிசை எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆறு முடிஞ்சா ஏழு, ஏழு முடிஞ்சா எட்டு. ஆனா ஒருத்தர் அழறாங்க, மூச்சு வாங்கறாங்கன்னு வை. அவங்க முப்பதா இருந்தாலும் முதல்ல கூப்பிட்டுடணும்."

"அழறாங்கன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்குத் தெரியாது. நாமதான் தலையைத் தூக்கிப் பார்க்கணும்."

"எட்டு கோவிச்சுக்குமே?"

"கோவிச்சுக்கும். அதை நாம வாங்கிக்கணும். அதுக்குத்தானே அங்க உட்கார்ந்திருக்கிறது?"

புது மிஷினில் சிவப்புப் பொத்தான் கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. வாங்கும்போது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதிலிருந்து வீட்டில் நிர்வாகம் முறையாக நடந்தது. குளிக்க டோக்கன். செய்தித்தாள் படிக்க டோக்கன். கரடிப் பாடத்தை டோக்கன்காரர் கைவிட்டார். கைவிடவில்லை, ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று அட்டவணையில் எழுதினார். மகள் நூறு வரை தடுமாறாமல் சொன்னாள். அறுபத்திரண்டு வந்தால் மட்டும், எண்ணின் நடுவில், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு முறை இருமினாள். அந்த எண் அப்படித்தான் என்பது அவள் எண்ணம். திருத்தப் போன டோக்கன்காரரிடம், "நீதானப்பா அப்படிச் சொல்றே," என்றாள். ஆதாரத்தையும் போட்டுக் காட்டினாள்.

எல்லாம் வீட்டில். பள்ளியில் இன்னும் மின்சாரம் வரவில்லை.

அந்த நாள் வந்தது. வகுப்பறையின் பின்வரிசையில் பெற்றோர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தரையில் இருபத்தாறு குழந்தைகள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் வரிசை எண் எழுதிய அட்டை. ‘சத்தம் கூடாது’ என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. குழந்தைகளுக்கு இன்னும் படிக்கத் தெரியாததால் அது பெற்றோர்களுக்காக இருக்க வேண்டும். டோக்கன்காரர் முந்தின நாளே சவரம் செய்து, சட்டையை மனைவியிடம் கொடுத்துக் காலரைத் திருப்பித் தைத்து வாங்கியிருந்தார். மகளின் எண் பதினான்கு. ஒரு குழந்தை எழுந்து போய் உளறிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவர் மனதுக்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார். பழக்கம் விடவில்லை.

பதினான்கு போய் நின்றாள். மிஸ் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் ஏழு.

"ஏழுக்கு அப்புறம் என்ன வரும்? சொல்லு கண்ணு."

டோக்கன்காரருக்குத் தம் குரல் தொண்டை வரை வந்து நின்றது. ஓர் எட்டுதான். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவளுக்கு அதைக் கொடுக்க முடியவில்லை.

"ஏழு. அதுக்கு அப்புறம்?"

மகள் அட்டையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கினாள். மெதுவாக, இடமிருந்து வலமாக, உட்கார்ந்திருந்த குழந்தைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். டோக்கன்காரருக்கு அந்தப் பார்வை தெரியும்.

மிஸ் பெருமூச்சுவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"டோக்கன் எண் பத்தொன்பது," என்றாள் மகள்.

வகுப்பறை நிமிர்ந்தது. குழந்தைக் குரல்தான். ஆனால் அதற்குள் கம்பளி போர்த்திய ஒரு நடுத்தர வயது மனிதர் உட்கார்ந்திருந்தார். "அவசரம். உடனே உள்ளே வரவும்."

பேனா காற்றில் நின்றது. நான்கு மாதமும் ஆறு வாரமும் கேட்காத குரலைக் கேட்ட மிஸ்ஸுக்குச் சந்தோஷப்படுவதா திருத்துவதா என்று ஒரு கணம் புரியவில்லை. பழக்கம் வென்றது.

"பத்தொன்பது இல்ல கண்ணு. தப்பு. எட்டு."

"எட்டு அழல மிஸ்," என்றாள் மகள் பொறுமையாக. "பத்தொன்பதுதான் அழுவுது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்தில், பத்தொன்பதாம் அட்டை குத்திய ஒரு குழந்தை, கால்களை இறுக்கிப் பின்னிக்கொண்டு, சத்தம் வராமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. முதல் குழந்தை எழுந்ததிலிருந்தே அதற்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. சத்தம் கூடாது என்று சொல்லியிருந்ததால் கேட்கவில்லை. மிஸ் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தக் குழந்தையின் தாயார் பின்னால் ஓடினார். ஓட்டம் சரியான நேரத்தில் முடிந்ததாகப் பிறகு தகவல் வந்தது.

மிஸ் இல்லாத அந்த இடைவெளியில் நிர்வாகம் நிற்கக் கூடாதல்லவா? மகள் பணியைத் தொடர்ந்தாள். "டோக்கன் எண் எட்டு." எட்டு எழுந்து வந்தது. ஒன்பது வந்தது. ஆண்டு முழுவதும் மிஸ் தொண்டை கிழியக் கத்தியும் நேராக நிற்காத வகுப்பு, ஒருவர் பின் ஒருவராகக் கோடு போட்டதுபோல் நின்றது. பதினான்கில் தன் நெஞ்சைத் தொட்டு, "நான் டியூட்டியில இருக்கேன்," என்றாள். பத்தொன்பதில், "பார்த்தாச்சு," என்று தாண்டினாள். இருபத்தாறு முடிந்ததும் குழந்தைகள் தீர்ந்து, பெற்றோர்கள் தொடங்கினார்கள். இருபத்தேழு என்று விரல் நீண்டதும் டை கட்டிய ஒரு பெரிய மனிதர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு வரிசையில் போய் நின்றார். ஏன் போனோம் என்று அவருக்கே தெரியவில்லை.

சத்தம் ஏன் கேட்கவில்லை என்று சந்தேகப்பட்டுத் தலைமையாசிரியை வந்து வாசலில் நின்றபோது அறுபத்தொன்று முடிந்திருந்தது.

"டோக்கன் எண் அறுபத்து, க்ஹும், இரண்டு. வாசலை மறைக்க வேண்டாம்."

தலைமையாசிரியை வாசலிலிருந்து நகர்ந்து, தன்னையறியாமல் பதிலுக்கு லேசாக இருமினார்.

மிஸ் திரும்பி வந்து வரிசையைப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

"சரி கண்ணு. யாருமே அழல. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்ப, ஏழுக்கு அப்புறம் என்ன?"

"எட்டு," என்றாள் மகள். "இதுகூடத் தெரியாதா மிஸ்?"

பின்வரிசையில் டோக்கன்காரர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் சாக்பீஸ் தூள் விழுந்துவிட்டது என்று பக்கத்து நாற்காலியிடம் விளக்கம் சொன்னார். சாக்பீஸை யாரும் தொட்டிருக்கவில்லை.

அறிக்கையில் ‘எண் வரிசை’ என்ற கட்டத்துக்கு எதிரே மிஸ் முதலில் ஒன்று எழுதி, அடித்துவிட்டு, ‘தெரியும். வரிசையை எப்போது மாற்ற வேண்டும் என்பதும் தெரியும்’ என்று எழுதினார். கீழே, ‘முதல் வகுப்புக்குத் தகுதி.’ அதற்கும் கீழே பொடி எழுத்தில்: ‘அறுபத்திரண்டில் வரும் இருமல் குறித்துப் பெற்றோர் கவனிக்கவும்.’

"அது அவளோடது இல்ல மிஸ்," என்றார் டோக்கன்காரர். "என்னோடது."

மிஸ் அவர் நெஞ்சுப் பக்கம் பார்த்து, மருத்துவரைப் பார்க்கும்படி அன்போடு சொன்னார்.

மாலை வீடு திரும்பியபோது பசி கண்ணைக் கட்டியது. காலையில் பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. அறிக்கையை மனைவி இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டு, சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்து, அந்த இடத்தில் அறிக்கையை ஊசியால் குத்தி வைத்தாள். சமையலறைப் பக்கம் நகர்ந்த டோக்கன்காரரை மேசையிலிருந்து ஒரு கை தடுத்தது. துணித் துண்டு ஒன்று நீண்டது. ஒன்பது.

"எனக்கு முன்னாடி யாரும்மா இருக்காங்க?"

"அஞ்சு, கரடி. ஆறு, ஸ்டூல். ஏழு, எதிர் வீட்டு மாமா, இன்னும் வரல. எட்டு, அம்மா."

டோக்கன்காரர் சட்டம் தெரிந்தவர். சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

"அவசரம்னா அழணும்ங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "உங்களுக்குத் தெரியாத சட்டமா?"

அழுவதைப் பற்றி அவர் உண்மையாகவே யோசித்தார். அந்த யோசனையில் இருக்கும்போதே மகள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் விழுந்த கண்ணோரம் இன்னும் சிவந்தே இருந்தது. சிறிது நேரம் பார்த்தாள். மேல் வரிசைக்கு விரல் போனது.

மணி அடித்தது. "அவசரம்," என்று டோக்கன்காரரையே அழைத்தது டோக்கன்காரரின் குரல், என்றோ போர்த்திய கம்பளிக்குள்ளிருந்து. "டோக்கன் எண் ஒன்பது. உடனே உள்ளே வரவும்."

எட்டாம் எண் கரண்டியை நங்கென்று வைத்தாள். கோபத்தை மகள் வாங்கிக்கொண்டாள்.